ஊட்டி மலை ரயில்: கல்லாறுக்கு அப்புறம் இன்ஜினுக்குள் என்ன மாறுகிறது?

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணமாக ஓடும் நீராவி இன்ஜின், பிறகு பல்சட்டத்தில் (தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த, பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) எப்படி ஏறுகிறது? ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது?

பதில் 1: இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் 4 சிலிண்டர்கள். கீழ் ஜோடி சாதாரண சக்கரங்களுக்கு, மேல் ஜோடி பல்சட்டத்தைப் பிடித்து ஏறும் பற்சக்கரங்களுக்கு. சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும்தான் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும் கீழ் ஜோடியில் வேலை முடித்த நீராவியே மேல் ஜோடிக்குப் போகும். அதனால்தான் ஏற்றத்தில் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. ஈரத் தண்டவாளத்தில் வெறும் சக்கரம் வழுக்கிச் சுற்றும், அவ்வளவுதான். நடுவில் இரண்டு பல்சட்டங்கள், பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும்; எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்திருக்கும். சட்டம் தொடங்கும் இடத்தில் முனை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. நடை வேகத்துக்குக் குறைத்தால்தான் பல்லோடு பல் சரியாகப் பொருந்தும்.

பதில் 2: தள்ளுவது பாதுகாப்புக்காக. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே ஓடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். போதாததற்குப் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வேறு.

பதில் 3: இதெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலேயே ஏறுங்கள். குன்னூரில் டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள், பல்சட்டமும் அங்கேயே முடிந்துவிடும். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, தண்டவாளத்தின் நடுவே குனிந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மண் சரிந்தால் ரயில் ரத்து.