பிறிஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின் எதற்கு என்றவருக்கு

மாங்குளத்து மகள்: யாழ் குமரன் நேற்று இங்கே எழுதியதை வாசித்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "பிறிஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின் கொடுத்துப் பயனில்லை, வன்னி வெயிலில் பழுதாகிவிடும், ஊர் ஆஸ்பத்திரிகள் குளிசையோடு நிற்கட்டும்" என்கிறார். இந்தக் கதையை நம்பித்தான் சீனி வருத்தக்காரியான என் அம்மா வருடக்கணக்காகக் குளிசையோடு இழுபட்டார். பாவிக்கிற போத்தலுக்குப் பிறிஜ் தேவையில்லை. 30 பாகைக்குள், நிழலில், 4 கிழமை தாங்கும்.

யாழ் குமரன்: 30 பாகைக்குள்ளா? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒருக்கால் நின்று பாருங்கள் அக்கா. 2 முதல் 8 பாகைக்குள் வை என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

மாங்குளத்து மகள்: அது திறக்காத போத்தலுக்கு. அதை ஆஸ்பத்திரி வைத்திருக்கட்டும். வீட்டில் பெரிய பானைக்குள் ஈரமணல் போட்டு, நடுவில் சின்ன முட்டியை இறக்கி, அதற்குள் போத்தலை வைக்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கென்யாவின் டடாப் அகதி முகாமில் வீட்டுக்குள் அளந்த சூட்டை ஆய்வுகூடத்தில் அப்படியே உண்டாக்கி, 25க்கும் 37க்கும் இடையில் ஏற்றி இறக்கி, 4 கிழமை வைத்துப் பார்த்தார்கள். வீரியம் 1 வீதத்துக்கு மேல் குறையவில்லை.

கண்டாவளைக் கமக்காரன்: கென்யா இருக்கட்டும் பிள்ளை. எங்கள் வீட்டில் பிறிஜ் இருக்கிறது, இருந்தும் நான் ஊசி வேண்டாம் என்றேன். விடியப் போட்டுவிட்டு வயலில் இறங்கினால் சாப்பாடு வர மத்தியானமாகும். சீனி இறங்கி வரம்பில் விழுந்தால் யார் தூக்குவது? வீட்டில் சோதிக்க ஸ்ட்ரிப் வாங்கவும் காசு வேண்டுமே.

மாங்குளத்து மகள்: விடியப் போட வேண்டும் என்று யார் சொன்னது அண்ணை? படுக்கும் முன் 10 யூனிட்டில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம்.

கண்டாவளைக் கமக்காரன்: எனக்கு எழுதித் தந்தது இரண்டு நேரக் கலவை ஊசி, கெதியாக வேலை செய்கிறதும் மெல்ல வேலை செய்கிறதும் கலந்தது. நீங்கள் என்ன டொக்டரா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்: ஒரு டொக்டர், வாசல் வரை வரிசை, இதுதான் ஊர்க் கிளினிக். சிரிஞ்சில் எப்படி எடுப்பது, எங்கே குத்துவது, சீனி இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லித்தர அங்கே யாருக்கு நேரம்? கண் மங்கிய கிழவிக்குச் சிரிஞ்சுக் கோடு தெரியுமா? ஊசி தொடங்கினால் கடைசிக் கட்டம், கிட்னி போய்விடும் என்று சனம் பயப்படுகிறது. சீனி கூடிக் கிடந்தால்தான் கிட்னி போகும் என்று முதலில் சொல்லுங்கள். 1998இல் வந்த பெரிய பிரித்தானிய ஆய்விலேயே, வருடம் போகப் போகக் குளிசை மட்டும் பலருக்குப் போதாமல் போனது. அது நோயாளியின் குற்றமில்லை.

யாழ் குமரன்: ரீச்சர் சொல்வதும் என் பக்கம்தான். சொல்லித்தர ஆளில்லை, பிறிஜும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

ஒட்டுசுட்டான் ரீச்சர்: உங்கள் பக்கம் என்று நான் சொல்லவில்லை. சொல்லித்தர ஒரு தாதியைப் போடச் சொல்கிறேன்.

மாங்குளத்து மகள்: திரும்பவும் பிறிஜ்! ஐஸ் தட்டோடு ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலினைப் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உறைந்தால் எறிய வேண்டியதுதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்களே, அன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பிறிஜ்கள் எதில் ஓடின?

யாழ் குமரன்: இதற்குள் யாழ்ப்பாணத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கண்டாவளைக் கமக்காரன்: யாழ்ப்பாணத்துக்கு எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் என்றால் வன்னி வேண்டும். இன்சுலின் என்றால் மட்டும் வன்னி வெயில் கூடாதோ?

யாழ் குமரன்: குடிக்கத்தானே தண்ணீர் கேட்டோம்? அதற்கு நீங்கள் ஆடிய ஆட்டத்தை நாங்கள் மறக்கவில்லை.

கண்டாவளைக் கமக்காரன்: சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாமல் நின்றவர்கள் நாங்கள். எங்களுக்கு நீர் கணக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்: இன்சுலின் பேச வந்த இடத்தில் குளத்தைத் திறக்காதீர்கள். தாதி விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

யாழ் குமரன்: முதலில் அக்கா அந்த முட்டிக்குள் வெப்பமானி வைத்துப் படம் போடட்டும். பிறகு பேசலாம்.

மாங்குளத்து மகள்: போடுகிறேன், மத்தியான வெயிலிலேயே எடுத்துப் போடுகிறேன். நீங்களும் உங்கள் பிறிஜ் கதவில் ஒன்றை வைத்துப் படம் போடுங்கள். பாவிக்கிற போத்தலுக்குப் பிறிஜ் தேவையில்லை.

யாழ் குமரன்: தேவை.