மஷ்ரூம் கோரல் வெளுத்துச் சுருங்குகிறது: லைட் போதவில்லையா, வைத்த இடம் தப்பா?

வைகைக்கரை (மதுரை):
வணக்கம். உப்புநீர்த் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று வாரம் முன்பு முதன்முதலாகக் கோரல் (பவளம்) வாங்கி வைத்தேன். ஒன்றைத் தவிர எதுவும் நன்றாக இல்லை. ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிற அளவுக்குக் கவலையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொட்டி 2 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். கல், மணல் போக 75 லிட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலக்குகிறேன். க்ளவுன் மீன் இரண்டு, நத்தை நாலைந்து. லைட் 165 வாட் எல்.இ.டி., அந்தக் கறுப்புப் பெட்டி வகை. தண்ணீருக்கு 6 அங்குலம் மேலே தொங்குகிறது. நீலம் 80, வெள்ளை 70 சதவீதம், காலை 9 முதல் இரவு 9 வரை.

உப்பு 1.025 (முள் உள்ள ஹைட்ரோமீட்டர்), பகலில் 29.5 டிகிரி, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05, ஆல்கலினிட்டி 8.5.

மஷ்ரூம் நான்கு வாங்கினேன். கல்லின் உச்சியில், லைட்டுக்கு நேர் கீழே வைத்தேன். இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கி, வெளுத்து, ஓரம் மேலே சுருண்டு நிற்கின்றன. அதில் ஒன்று போன வாரம் பிடி விட்டுப் பின்பக்கம் விழுந்துவிட்டது, செத்திருக்கும். சோவா (சின்னப் பூத் தலைகள் போலக் கூட்டமாக வளரும் கோரல்) நடுக்கல்லில் இருக்கிறது, பாதி மூடியபடி. மேலே பழுப்பாகப் படிந்ததால் வெளியே எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். லெதர் (தோல் போன்ற மென்பவளம்) மணலில் ஒரு மூலையில். ஆறு நாளாகத் திறக்கவே இல்லை, மெழுகு பூசியது போல மினுமினுக்கிறது. ஜி.எஸ்.பி. (பச்சை நட்சத்திரம் போன்ற பாலிப்கள் பரவும் கோரல்) மட்டும் புல்தரை மாதிரி அசைந்துகொண்டு அருமையாக இருக்கிறது.

விற்றவர், "வெளிச்சம்தான் இதற்குச் சாப்பாடு, எவ்வளவு கொடுத்தாலும் நல்லது" என்றார். வெளுப்பது வெளிச்சம் போதாமலா? வெள்ளையையும் 80-க்கு ஏற்றட்டுமா? அடுத்த மாதம் ஹேமர் கோரல் ஒன்று வாங்க நினைக்கிறேன், அதற்கு எங்கே இடம் விடலாம்?

அடையாறு ரீஃப்:
தம்பி, ஏற்ற வேண்டாம். இதைப் படித்ததும் முதலில் வெள்ளையை 20-க்கு இறக்கிவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.

இறக்கியாயிற்றா? சரி. ஒரு வேலை செய்யுங்கள். பின்பக்கம் விழுந்த மஷ்ரூமைத் தேடுங்கள். கையை விட்டுக் கல்லைப் புரட்ட வேண்டாம், பக்கவாட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி டார்ச் அடித்தால் தெரியும். அது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அண்ணா, நம்பவே முடியவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே, நிழலில், மணலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சின்ன அப்பளம் அளவுக்கு விரிந்திருக்கிறது. கடையில் பார்த்த அதே சிவப்பு திரும்பி வந்திருக்கிறது!

அடையாறு ரீஃப்:
அதுதான் உங்களுக்குப் பதில். அதே தண்ணீர், அதே உப்பு, அதே சூடு. இடமும் வெளிச்சமும் மட்டும்தான் வேறு. வெளிச்சம் தாங்காத மஷ்ரூம் தானாகவே பிடியை விட்டு, தண்ணீர் கொண்டுபோகிற இடத்துக்குப் போவது உண்டு.

வெளுப்பு ஏன் என்று புரிந்துகொண்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டாம். பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் செய்கிற சர்க்கரையில்தான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு. வெளிச்சம் குறைந்தால் பவளம் உள்ளே பாசியைக் கூட்டிக்கொள்ளும், நிறம் பழுப்பாகக் கறுக்கும், உடம்பு மேல்நோக்கி நீளும். வெளிச்சம் மிஞ்சினால் அந்தப் பாசியே உள்ளே நஞ்சை உண்டாக்கும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளுக்கும், சுருங்கும். ஆக நீண்டு பழுப்பானால் பற்றாக்குறை, சுருங்கி வெளுத்தால் மிகை. உங்களுடையது இரண்டாவது. விற்றவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்தாகிவிட்டது.

கோவை மரைன்:
என் யோசனை, எல்லாவற்றையும் எடுத்து இன்றே மணலில் இறக்கிவிடுங்கள். தெளிந்த பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏற்றலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அடையாறு ரீஃப்:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் பவளம் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. வெளிச்சம் மட்டுமல்ல, தண்ணீர் ஓட்டமும் மாறிவிடும். தொட்டி முழுக்க வெளிச்சம் மிகை என்றால் லைட்டைத்தான் தொட வேண்டும், பவளத்தை அல்ல. இடம் தப்பாக இருப்பவை மஷ்ரூமும் லெதரும் மட்டும். அதிலும் லெதர் கீழே போகக் கூடாது, மேலே வர வேண்டும்.

என்னிடமும் இதே 165 வாட் பெட்டி இருந்தது. நண்பரின் பார் மீட்டரை (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) வாங்கி அளந்தபோது, கிட்டத்தட்ட உங்கள் அளவு வைத்திருந்த நாளில், லென்ஸுக்கு நேர் கீழே கல் உச்சியில் 340 வந்தது, நடுவில் 190, மணல் ஓரத்தில் 100. மஷ்ரூமுக்கு 50 முதல் 80 போதும். சோவா, லெதர் இரண்டும் 80 முதல் 150-க்குள் சந்தோஷமாக இருக்கும். போன் செயலியை வைத்து அளக்க நினைக்காதீர்கள். நீல வெளிச்சத்தில் அது காட்டும் எண் நம்பத்தக்கதல்ல. ஒரே லைட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒப்பிட மட்டும் உதவும்.

இப்படிச் செய்யுங்கள். பெட்டியை 6-லிருந்து 12 அங்குலத்துக்கு உயர்த்துங்கள், நடுவில் குவிகிற வெளிச்சம் பரவும். நீலம் 40, வெள்ளை 10. எட்டு மணி நேரம் போதும். அதையும் மாலை 4 முதல் நள்ளிரவு வரை வையுங்கள். மதுரையில் அறை கொதிக்கிற நேரத்தில் லைட்டும் எரிந்தால் இரண்டு சூடும் சேர்ந்துகொள்ளும். நீங்களும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து பார்க்கலாம். மூன்று வாரம் கைவைக்காதீர்கள். அப்புறம் தேவைப்பட்டால் வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றலாம்.

விழுந்த மஷ்ரூமை அங்கேயே விடுங்கள், அது தேர்ந்தெடுத்த இடம். மற்ற மூன்றுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் உடைந்த கல் துண்டு போட்டு, மேலே கொசுவலையை ரப்பர் பேண்டால் கட்டி, ஓட்டம் குறைந்த மணல் மூலையில் வையுங்கள். பசை போட்டு ஒட்ட முயன்றால் வழவழப்பால் நழுவிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லை மட்டும் எடுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

லெதர் மினுமினுப்பது நோய் இல்லை. அவ்வப்போது மேல்தோலைக் கழற்றும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட மூடியிருக்கும். ஆனால் அந்தத் தோல் கழன்று போகத் தண்ணீர் ஓட்டம் வேண்டும். மூலையில் ஓட்டமே இல்லை. நடுக்கல்லுக்கு ஏற்றுங்கள், வேவ்மேக்கர் (தண்ணீரை ஓட வைக்கும் மோட்டார்) நேராக அடிக்காமல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிற மாதிரி. சோவாவிலிருந்து 5 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். லெதர் தண்ணீரில் ஒருவித வேதிப்பொருளை விடும், பக்கத்தில் இருப்பதைப் பாதிக்கும். ஒரு பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

ஜி.எஸ்.பி. அழகாக இருப்பது இப்போது மகிழ்ச்சி. எந்தக் கல்லில் இருக்கிறது? பெரிய கல்லில் என்றால் இன்றே பிரித்துத் தனிக் கல்லில், மணலுக்கு நடுவே தீவு மாதிரி வையுங்கள். ஆறு மாதத்தில் கல் முழுக்கப் பாய் விரித்துவிடும், பிறகு சோவாவுக்கு இடமே இருக்காது.

சோவா தோட்டம் (திருச்சி):
தம்பி, எல்லோரும் லைட்டைப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த டூத் பிரஷ்தான் பயமாக இருக்கிறது. சோவாவிலும் அதன் இனமான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவு இருக்காது, பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வெளியே எடுத்துத் தேய்த்தால் துளி கண்ணில் தெறிக்கும், விரலில் வெட்டு இருந்தால் உள்ளே போகும். இனிமேல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். சோவா இருந்த கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றவோ கொதிக்க வைக்கவோ வேண்டவே வேண்டாம். ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாட்டில் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரட்டைக் கவனம். தேய்த்த பிறகு வாய் கசப்பு, மூச்சுத் திணறல், கை மரத்துப்போதல் எதுவும் இருந்ததா?

பழுப்புப் படிவத்துக்குத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பிப்பெட்டால் ஊதிவிட்டால் போகும்.

வைகைக்கரை:
இல்லை அக்கா, எதுவும் இல்லை. ஆனால் இதை யாரும் சொல்லவில்லை. மகளுக்கு ஐந்து வயது, தொட்டிக்குள் கைவிடுகிற பழக்கம் இருக்கிறது. இன்றே மூடி செய்யச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி.

கோவை மரைன்:
அந்தப் பழுப்புக்கு ஆர்.ஓ. காரணமாக இருக்கலாம். வீட்டு மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு?

வைகைக்கரை:
இப்போதுதான் அளந்தேன், 70.

கோவை மரைன்:
குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. பூஜ்யம் வர வேண்டும். அந்தக் கலக்கும் வால்வைச் சுற்றி ஒரு தனிக் குழாய் எடுத்து, கடைசியில் டி.ஐ. ரெசின் குப்பி (மிச்ச உப்புகளையும் உறிஞ்சும் வடிகட்டி) ஒன்று மாட்டுங்கள். ஹைட்ரோமீட்டரையும் நம்பாதீர்கள், முள்ளில் குமிழி ஒட்டினால் பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்கி, 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி):
இரண்டு விஷயம்.

ஒன்று சூடு. 29.5 டிகிரியில் 340 பார் என்பது பவளத்துக்கு இரட்டை அடி. தாங்கக்கூடிய வெளிச்சம்கூடச் சூடு ஏறினால் தாங்காது. இங்கே மன்னார் வளைகுடாவில் கோடையில் நடப்பதும் இதுதான். 2016 கோடையில் கடல் சூடாகித் தீவுகளைச் சுற்றிப் பவளம் வெள்ளை வெளேரென்று நின்றது. தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகச் சின்ன ஃபேன் இரண்டு வையுங்கள், 2 முதல் 3 டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும். வற்றியதை உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். உப்பு ஆவியாவதில்லை, தண்ணீர்தான் போகிறது.

இரண்டாவது, ஹேமர். அது கல் எலும்பு உள்ள பவளம். கல் பவளம் மொத்தமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். கடையில் விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. பவளக் கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. இந்தக் கரையில் வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன், ஹேமரை விட்டுவிடுங்கள். ஒரு நல்ல லெதரும் நாலு நிறச் சோவாவும் அந்தத் தொட்டியை நிறைத்துவிடும். அதுவும் யாராவது தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

வைகைக்கரை:
ஹேமர் வேண்டாம் அண்ணா. இப்படி என்று தெரியாமல் இருந்தேன். கொடுப்பதாகச் சொன்னவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வைகைக்கரை (நான்கு வாரம் கழித்து):
நிலவரம் சொல்கிறேன். லைட் சொன்ன உயரத்தில், சொன்ன அளவில். ஃபேன் வைத்ததும் 27 டிகிரியில் நிற்கிறது, தினம் ஒன்றரை லிட்டர் நிரப்புகிறேன். ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு 1.028 காட்டியது. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 1.025-க்குக் கொண்டுவந்தேன்.

லெதர் ஒன்பதாம் நாள் தோலைக் கழற்றியது. பழைய பாலிதீன் மாதிரி ஒரு படலம் மிதந்து வந்தது, மறுநாள் காலை முழுசாக விரிந்து நின்றது. சோவா 11 தலை இருந்தது, இப்போது 14. டப்பாவில் வைத்த மஷ்ரூம் மூன்றில் இரண்டு கல்லைப் பிடித்துவிட்டன, நிறமும் மெல்ல ஏறுகிறது. மூன்றாவது கரைந்துபோனது, காப்பாற்ற முடியவில்லை. ஜி.எஸ்.பி.யைத் தனிக் கல்லுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். சோவாவில் இரண்டு தலை மட்டும் கழுத்து நீண்டு எட்டிப் பார்க்கின்றன. இப்போது நீலத்தை 45-க்கு ஏற்றலாமா?

அடையாறு ரீஃப்:
எந்தப் பக்கத்துத் தலை? லெதர் விரிந்த பிறகு அதன் நிழல் விழுகிற பக்கமா என்று பாருங்கள். அப்படியென்றால் லைட்டைத் தொடாமல் சோவாக் கல்லை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். நிழல் இல்லை என்றால் 45 வையுங்கள், மஷ்ரூமின் ஓரத்தை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள்.

வைகைக்கரை:
நிழல்தான் அண்ணா. நகர்த்திவிட்டேன், கையுறை போட்டுக்கொண்டு.