மோசடியைக் கண்டறியத் தவறிய தணிக்கையாளர் மீது ஒழுங்கு நடவடிக்கை சரியா?

கேள்வி:
ஒரு நிறுவனத்தின் கணக்குகளில் மோசடி நடந்தது பின்னாளில் வெளிப்பட்டால், அவற்றைத் தணிக்கை செய்து கையொப்பமிட்டவர் மீது நடவடிக்கை எடுக்க அது மட்டுமே போதுமா? நிர்வாகமே திட்டமிட்டு மறைத்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

பதில் 1:
போதாது. மோசடி தப்பியதற்காக அல்ல, தரநிலைகள் கோரும் வேலையைச் செய்யாமலே கணக்குகள் சரியென்று கருத்துரை வழங்கியதற்காகத்தான் தணிக்கையாளர் தண்டிக்கப்படுகிறார். வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாக உறுதிசெய்தாரா, நிர்வாகத்தின் விளக்கங்களைத் தொழில்முறை ஐயத்துடன் சோதித்தாரா என்பதை விசாரணைக் குழு பணித்தாள்களில்தான், அதாவது தணிக்கையின்போது செய்த வேலையைப் பதிவு செய்த ஆவணங்களில்தான், தேடும். அத்தணிக்கையோடு தொடர்பில்லாத அனுபவமிக்க மற்றொரு தணிக்கையாளர் படித்தாலும் புரியும்படி அவை இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலை 230. பதிவு செய்யாத சோதனையைப் பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம்.

பதில் 2:
இதை ஏற்கிறேன்; ஆனால் தண்டனையின் அளவுதான் என்னை வருத்துகிறது. ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம், கணக்கில் காட்டிய 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று தெரிந்து 2020-இல் வீழ்ந்தது. அதன் தணிக்கை நிறுவனத்துக்கு 2023-இல் விதிக்கப்பட்ட அபராதம் 5 லட்சம் யூரோ. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை, வங்கிகள் போன்ற பொதுநலன் சார்ந்த நிறுவனங்களின் புதிய தணிக்கைகளை ஏற்க இரண்டாண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. உண்மையில் உறைத்திருக்கக்கூடியது அந்தத் தடைதான்.

பதில் 3:
அபராதத்தைத் தணிக்கை நிறுவனம் கட்டிவிடும். கையொப்பமிட்ட, அந்நிறுவனத்தின் கூட்டாளியான தணிக்கையாளரின் உரிமம் தனியே விசாரிக்கப்பட வேண்டும். அவர் சொன்னபடி கோப்பைத் தயாரித்த இளநிலை ஊழியரை அவருக்கு இணையாக நிறுத்துவது அநீதி.