மல்கியா 2:16-இன் மீதிப் பாதி

எங்கள் வேதபாடக் குழுவுக்கு வரும் ஒரு சகோதரி, ஒரு நாள் கூட்டம் முடிந்தும் எழுந்து போகவில்லை. கணவர் பல வருடமாக அடிக்கிறார். பிரிந்து போகலாமா என்று ஒரு மூத்த விசுவாசியிடம் கேட்டிருக்கிறார். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார், பொறுத்துக்கொண்டு ஜெபம் பண்ணு" என்று பதில் வந்ததாம். "அது வேதத்தில் இருக்கிறதுதானே?" என்று என்னிடம் கேட்டார்.

இருக்கிறது. பழைய ஏற்பாட்டில், மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் 2:16. தள்ளிவிடுதல் என்றால் மனைவியை விவாகரத்து செய்வது. அந்த வசனம் எனக்கும் மனப்பாடம். அதனாலேயே சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. சரி, முதலில் வாசிப்போம் என்று, அந்த அதிகாரத்தை 10-ஆம் வசனத்திலிருந்து இருவரும் சத்தமாக வாசித்தோம். 14-ஆம் வசனத்தில் அவர் நிறுத்திவிட்டார். தீர்க்கதரிசி அங்கே கண்டிப்பது, இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த கணவர்களை. அந்த மனைவியை "உன் தோழி" என்கிறார். அப்புறம் 16. நாம் எல்லோரும் ஒப்பிக்கும் பாதிக்குப் பிறகும் அந்த வசனம் போகிறது: "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்." அவர் அந்த வரியை மூன்று முறை வாசித்தார்.

கைவிடப்பட்ட மனைவிகளுக்காகப் பேசிய வசனத்தை எடுத்து, அடிபடும் மனைவியின் வாயை அடைத்திருக்கிறோம். "நாம்" என்றுதான் எழுதுகிறேன். அந்தப் பாதியை மட்டும் நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இத்தனைக்கும் அதன் எபிரெய மூலம் கடினமானது. சில புதிய மொழிபெயர்ப்புகளில் வெறுக்கிறவர் தேவன் இல்லை, மனைவியை வெறுத்துத் தள்ளிவிடும் கணவன்.

விவாகரத்து பற்றிய எல்லாக் கேள்விக்கும் இது பதில் ஆகாது. மத்தேயு 19, 1 கொரிந்தியர் 7 எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சபைக்குச் சபை கருத்தும் மாறும். ஆனால் அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இரு என்று மல்கியா சொல்லவில்லை. அந்த வாரமே அவர் பாதுகாப்பான ஓர் இடத்துக்குப் போனார்.

* * *

மேலே ஒருவர் எழுதியதை வாசித்ததும் என் அனுபவம் ஞாபகம் வந்தது. விசுவாசி அல்லாத நண்பன் ஒருவன் எபேசியர் 6:5-ஐக் காட்டி, "உங்கள் வேதம் அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்கிறதே?" என்றான். "அது அந்தக் காலம்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, அது பதில் இல்லை என்று.

அதற்குப் பிறகு தேடி வாசித்தேன். 1807-இல், பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த அதே வருடம், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் கிடையாது. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையை எடுத்துவிட்டார்கள். "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் 3:28-உம் இல்லை. எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருந்தது. முழு வேதத்தையும் அடிமைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று தொகுத்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நண்பனிடம் போய் இதைச் சொன்னேன். லேவியராகமம் 25:44 இன்னும் என்னை உறுத்துகிறது என்பதையும் மறைக்கவில்லை. அந்நிய ஜாதிகளிலிருந்து அடிமைகளை வாங்கலாம் என்று அங்கே இருக்கிறது. அன்றைக்குத்தான் அவன் உட்கார்ந்து நிதானமாகப் பேசினான்.

* * *

மேலே இருவர் எழுதியதைப் போல் இல்லை, எனக்குச் சின்ன அனுபவம்தான். சபையில் பெண்கள் பேசலாமா என்று ஞாயிறு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். 1 கொரிந்தியர் 14:34-ஐ எடுத்துக் காட்டினேன், பேசக்கூடாது என்று. அவள் மூன்று அதிகாரம் முன்னால் புரட்டி 11:5-ஐக் காட்டினாள். பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அங்கே சாதாரணமாகவே எழுதுகிறார். தலையை மூடிக்கொள்ளச் சொல்வதோடு சரி. அதே நிருபம், அதே சபைக்கு. அந்த வகுப்பில் நாங்கள் அதற்கு மேல் போகவில்லை. அடுத்த வாரம் 11-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கி, வகுப்பே சேர்ந்து வாசிக்கிறோம்.