9 வயதுப் பையன் மனசு திறக்க ஒரு விளையாட்டு சொல்லுங்கள்

ஏற்காட்டிலிருந்து ஜூன் மாதம் சேலம் அம்மாபேட்டைக்கு வந்துவிட்டோம், வீட்டுக்காரருக்கு வேலை மாற்றம். அப்போதிருந்து 9 வயது மகன் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதோடு சரி. சாப்பாடு, தூக்கம் பழையபடிதான். ஞாயிறு ராத்திரி மட்டும் வயிறு வலிக்குது என்கிறான். குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

கோபம், பயம், சோகம் என்று முகம் வரைந்த அட்டைகள் வாங்கினோம், "பரீட்சை மாதிரி இருக்கு" என்று பாதியிலேயே தூக்கிப் போட்டான் (அதுவும் நியாயம்தான்). சைகையில் நடிக்கும் ஆட்டத்தில் அப்பாவின் கோபத்தை அப்படியே செய்துகாட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான், தன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்புறம் பரமபதத்தில், ஏணி ஏறினால் இந்த வாரம் பிடித்ததையும் பாம்பு கொத்தினால் பிடிக்காததையும் சொல்லணும் என்று வைத்தோம். ஏணிக்கு வாய் திறக்கிறான், பாம்புக்கு "பாஸ்". மாமியாரோடு பல்லாங்குழி ஆடும்போது மட்டும், குழி குழியாகப் புளியங்கொட்டையைப் போட்டபடியே புது ஸ்கூல் பற்றி ஏதோ முனகுகிறான், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதுவும் நின்றுவிடுகிறது.

6 வயது மகளையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். கை வேலையாக இருக்க, பேச்சு தானாக வருகிற மாதிரி, எல்லோரும் சேர்ந்து ஆட உங்கள் வீட்டில் எந்த ஆட்டம் பலித்தது?