மேசை வாளில் 3 மி.மீ. பட்டி ஒரே தடிப்பில் வெட்ட என்ன ஜிக் (வெட்ட உதவுற துணைக்கருவி)?

கேள்வி (கல்முனை)
பிளைவூட் அலுமாரித் தட்டுகளின் ஓரத்துக்கு ஒட்ட, 3 மி.மீ. தடிப்பில் தேக்குப் பட்டி நாற்பது வேணும். 10 அங்குல மேசை வாள். ஃபென்ஸை (பலகையை ஒட்டித் தள்ளுற பக்கத் தடுப்பு) 3 மி.மீ.க்கு வச்சா பட்டி பிளேட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில சிக்கி அம்பு மாதிரி பின்னால பறக்குது. மற்றப் பக்கம் விழ வெட்டினா, ஒவ்வொரு தரமும் ஃபென்ஸை நகர்த்தி தடிப்பு மாறிப் போகுது.

பதில் (மட்டக்களப்பு)
மெல்லிய பட்டியை ஃபென்ஸ் பக்கம் விடவே வேணாம் தம்பி. பலகை ஃபென்ஸோட, பட்டி இடப்பக்கம். அதுக்கு ஒரு முட்டு ஜிக் போதும்.

இடப்பக்க மைட்டர் காடிக்கு (மேசையில பிளேட்டுக்கு இணையா ஓடுற பள்ளம்) இறுக்கமா ஒரு முதிரைச் சட்டம் சீவுங்க. காடி அகலம் பெரும்பாலும் 19 மி.மீ., சின்ன மெஷின்களில் வேற, அளந்து பாருங்க. சட்டத்தின் நுனியில நீளவாக்கில ஒரு வாள்வெட்டு போட்டு, அதுக்குள்ள தலை கூம்பின ஸ்குரூ. முறுக்கினா நுனி விரிஞ்சு காடியைப் பிடிக்கும். மேல ஒரு பிளைவூட் கை, நுனியில ஒரு சின்ன பேரிங் (608 அளவு), பலகை உரசாம உருண்டு போக.

பேரிங்கிலிருந்து பிளேட்டுக்கு 3 மி.மீ. எடுக்கிறது பல்லின் இடப்பக்க நுனிக்கு, தகட்டுக்கு இல்ல. பல் தகட்டை விட அரை மில்லிமீற்றர் அளவில வெளிய நிற்கும், தடிப்புப் பிழைக்கிறது அங்கதான்.

பேரிங் நிற்க வேண்டிய இடம் முன்பல்லுக்கு 25 மி.மீ. முன்னால, நீங்க நிற்கிற பக்கம். பிளேட்டுக்கு நேரா வச்சா வெட்டுப்பட்ட பட்டியை அதுவே நெரிக்கும். ஃபென்ஸில நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

பிறகு கணக்கே இல்ல: பலகை பேரிங்கில தொடுமட்டும் ஃபென்ஸைத் தள்ளி, பூட்டி, வெட்டுங்க. பலகை 100 மி.மீ.க்குக் கீழ வந்தா கையை எடுத்துட்டு தள்ளுகட்டை.

பதில் (காத்தான்குடி)
நாற்பதுக்கு ஃபென்ஸை நாற்பது தரம் நகர்த்துறதை விட தள்ளுபலகை வேகம். 120 மி.மீ. அகல, 450 மி.மீ. நீளப் பிளைவூட், பின்முனையில பிளேட் பக்கமா 25 மி.மீ. வெளிய நீட்டின குதி, மேல ஒரு பிடி. தள்ளுபலகையின் ஓரம் ஃபென்ஸோட ஓடும். ஃபென்ஸ் 123 மி.மீ.ல பூட்டினபடியே இருக்கும். குதி, பட்டியையும் மீதிப் பலகையையும் சேர்த்து பிளேட்டைத் தாண்டித் தள்ளுறதால இடையில எதுவும் நிற்காது. முதல் வெட்டிலேயே பிளேட் குதியைக் கீறும், அது இயல்பு. கீறல் அகலமானா குதியை மாத்துங்க.

பதில் (அக்கரைப்பற்று)
எந்த ஜிக்குக்கும், மேசை வாய்த்தட்டில (பிளேட்டைச் சுத்தி இருக்கிற தட்டு) பிளவு அகலமா இருந்தா பட்டி உள்ள விழும். 12 மி.மீ. பிளைவூட்டில புதுத்தட்டு வெட்டி வச்சு, பிளேட் வராத இடத்தில கட்டையால அழுத்தி, ஓடுற பிளேட்டை மெதுவா ஏத்துங்க. பிளேட்டுக்குப் பின்னால நிற்கிற பிளவுக்கத்திக்கும் (வெட்டு மூடாமத் தடுக்கிற தகடு) வழி விடோணும். எம்.டி.எஃப். வேணாம், மாரி ஈரத்தில ஊதும்.

கேள்வி கேட்டவர்
முட்டு ஜிக் செய்தாச்சு, தடிப்பு சரி. வெட்டின முகம் கருகுது. 60 பல் பிளேட்.

பதில் (மட்டக்களப்பு)
நீளவாக்கில வெட்ட 24 பல் போடுங்க. 60 பல்லில பொடி வெளிய போக இடமில்ல, அது உரசிச் சூடாகும். மெல்லிய பிளேட் எடுத்தா மரமும் மிச்சம்: 3.2 மி.மீ. வாள்வெட்டில, 3 மி.மீ. பட்டி ஒவ்வொன்றுக்கும் அதை விடக் கூடத் தேக்கு தூளாப் போகுது. அதுக்குப் பிறகும் கருகினா, ஃபென்ஸ் பின்பக்கம் பிளேட்டை நோக்கிச் சாய்ஞ்சிருக்கா எண்டு பாருங்க.