சென்னையின் கதை எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் சென்னையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் அவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கே அழைத்துச் செல்கிறோம். நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறேன். திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனியின் முன் நின்றவர்கள் யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், "சரி, இந்த ஊரைப் பற்றி என்ன பார்த்தோம்?" என்று என் மைத்துனர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அமராவதிச் சிற்பங்கள் கிருஷ்ணை நதிக்கரையிலிருந்து வந்தவை. ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் பொருநைக் கரையைச் சேர்ந்தவை. 1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் பழைய சென்னை மாகாணம் முழுமைக்குமானது. ஆகவே, அங்கே ஊரைத் தேடுபவர்கள் பொருளை மட்டும் பார்க்காமல், அது எந்த அதிகாரத்தின் கீழ் இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆந்திர தேசத்துப் பௌத்தத் தூபியின் கற்கள் எழும்பூரில் இருப்பதற்குக் காரணம், அந்த மாகாணத்தின் தலைநகரம் இதுவாக இருந்ததுதான்.

மைத்துனரின் கேள்விக்கு விடை தேடித்தான் அடுத்த முறை அவரைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம், வணிகர்கள் கூடிச் சரக்கு விலை பேசிய பரிவர்த்தனைக் கூடமாக இருந்தது. நகரின் முதல் கலங்கரை விளக்கமும் அதன் மேல்தளத்தில்தான் எரிந்தது. துறைமுகமே இல்லாத கடற்கரையில், கப்பலை எதிர்பார்த்தே பிழைத்த ஊர் இது என்பது அந்த ஒரு கட்டடத்திலிருந்தே விளங்கிவிடுகிறது. 1948 சனவரியிலிருந்து அது அருங்காட்சியகமாக இருக்கிறது.

உள்ளே, திப்பு சுல்தானைப் போரில் வென்ற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை நிற்கிறது. தாமஸ் பேங்க்ஸ் இங்கிலாந்தில் செதுக்கி, 1800இல் கப்பலில் வந்து இறங்கிய சிலை அது. எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பீடத்தை. திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1792 உடன்படிக்கையின்படி பிணையாகக் கொண்டுவரப்பட்ட அச்சிறுவர்கள் தங்கவைக்கப்பட்டதும் சென்னையில்தான். சிலை வந்து சேர்ந்தபோது திப்பு இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் பீடத்தின் முன் சாதாரணமாக நிற்க முடியவில்லை.

இன்னொரு பொருள் ஒரு மரக்கூண்டு. ஒரு மனிதன் காலை நீட்டி உட்காரக்கூட இடம் போதாத அந்தக் கூண்டில், 1840இல் அபினிப் போரின்போது சீனர்களிடம் சிக்கிய சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரூதர் அடைக்கப்பட்டிருந்தார். சீனத்துப் போருக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று மைத்துனர் கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் நடந்த வெளிநாட்டுப் போர்கள் பலவற்றுக்கு இங்கிருந்து படைகள் போயின என்று சொன்னதும், அவர் கூண்டின் கம்பிகளை மறுபடியும் உற்றுப் பார்த்தார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கவர்னர்களின் ஓவியங்களும், முத்திரை பொறித்த பீங்கான் தட்டுகளும், ஆர்க்காட்டு நவாபுகளின் உருவப்படங்களும் இருக்கின்றன. ஆனால் எந்தத் துணிக்காகக் கம்பெனி 1639இல் இந்த மணல்மேட்டைக் கேட்டு வாங்கியதோ, அந்தத் துணியை நெய்தவர்களும் சாயம் தோய்த்தவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய வேண்டுமானால், கண்ணாடிப் பேழைகளை விட்டுவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போக வேண்டியிருக்கிறது. நெசவாளர்களுக்கென்றே 1730களில் கம்பெனி உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கே அருங்காட்சியகம் ஏதுமில்லை, தெருக்கள் இருக்கின்றன. மற்ற அன்பர்கள் சென்னையை எங்கே கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

திருவல்லிக்கேணி அன்பரின் மறுமொழி

கோட்டைக்குப் போனவர்கள் பக்கத்திலுள்ள புனித மேரி தேவாலயத்தை விட்டுவிடக் கூடாது என்பதை முதலில் சேர்த்துக்கொள்கிறேன். 1680இல் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் கல்லறைக் கற்கள் அங்கே புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. 1758-59 முற்றுகையின்போது பழைய இடுகாட்டின் கற்களைப் பிரெஞ்சுப் படையினர் காப்பரணாகப் பயன்படுத்திக்கொண்டதால், பின்னர் அவை பெயர்த்தெடுத்து இங்கே பதிக்கப்பட்டன. குனிந்து பார்த்தால் இலத்தீனும் போர்த்துகீசியமும் அர்மீனிய எழுத்தும் அடுத்தடுத்துத் தென்படும். காலணியோடு அவற்றின் மேல் நடக்க எனக்கு இன்னமும் தயக்கம்தான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை எங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. மெரினாவைப் பார்த்து நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை, சிறு வயதில் நாங்கள் ஐஸ் ஹவுஸ் என்றுதான் அறிந்திருந்தோம். பேருந்து நடத்துநர்கள் இன்றும் அப்படித்தான் கூவுகிறார்கள். 1842இல், அமெரிக்க வணிகர் டியூடரின் நிறுவனம் மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்ட கிடங்கு அது. பாஸ்டன் பக்கத்து ஏரியில் உறைந்த நீர், வழியெல்லாம் கரைந்தது போக மிச்சம், சென்னை வெயிலில் துரைமார்களின் கோப்பைகளுக்குப் போயிருக்கிறது! உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வாணிகம் படுத்துவிட்டது. பிற்பாடு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்த அக்கட்டடத்தில், 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கினார். உள்ளேயுள்ள கண்காட்சி அவரைப் பற்றியது. நானோ வெளியே நின்று, அந்த வளைந்த சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே கட்டடத்தில் வாணிகமும் வழக்கறிஞர்களின் செல்வாக்கும் ஆன்மிகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நகரில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பல்லாவரம் ஆசிரியை ஒருவர் எழுதியது

முதலில் எழுதிய ஐயாவுடன் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எழும்பூரில் சென்னை இல்லாமல் இல்லை; நாம் 1639ஐ ஊரின் தொடக்கமாக வைத்துக்கொள்வதால் அது கண்ணில் படுவதில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அங்கே போனால் நேரே திமிங்கில எலும்புக்கூட்டுக்குத்தான் ஓடுவார்கள். அவர்களை ஒருவழியாகத் திருப்பிக் கற்கருவிகள் இருக்கும் பகுதிக்குக் கொண்டுவந்து, நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் நம் பல்லாவரத்துச் செம்மண்ணில்தான் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடக்கிவைத்த முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்று சொன்னதும், "நம்ம பல்லாவரமா மிஸ்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விமான நிலையத்துக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் மட்டும் பெயர் பெற்றதாக நினைத்திருந்த தன் ஊர், பாடப்புத்தகத்தின் முதல் பாடத்துக்குள் வந்துவிட்டதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமிதம். ஃபூட்டின் சேகரிப்பைச் சென்னை அரசு 1904இல் விலைக்கு வாங்கிக்கொண்டதால்தான் அவை இங்கே இருக்கின்றன.

ஃபூட் அதே 1863இல் கண்டறிந்த அத்திரம்பாக்கம், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் இருக்கிறது. அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அண்மைக்கால ஆய்வுகள் கணித்திருக்கின்றன. பூண்டியில் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. நமக்குக் குடிநீர் தரும் ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

எழும்பூர், கோட்டை ஆகிய இரண்டுக்குமே வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை தலைமைச் செயலக வளாகத்துக்குள் இருப்பதால், வாயிலில் காவலர்களின் சோதனை இருக்கும். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.